பீடி பிடிப்பவருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரையா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 54 வயது. 30 வருடமாகப் பீடி பிடிக்கிறார். காலையில் இருமல் உண்டு. பீடியால் வரும் கெடுதலை ஆன்டிஆக்சிடன்ட் முறித்துவிடும் என்று வெளிநாட்டிலிருக்கும் மகன் பீட்டா கரோட்டின் மாத்திரை அனுப்பியிருக்கிறான். இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். கேரட்டில் இருப்பதும் அதுதானாமே, தொடரலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மகன் அக்கறையோடுதான் அனுப்பியிருக்கிறார். ஒரு காலத்தில் மருத்துவ உலகமும் அவரைப் போலத்தான் நம்பியது. காய்கறி, கீரை, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பார்த்து, அதற்குக் காரணம் பீட்டா கரோட்டின்தான் என்று நினைத்தார்கள்.

அதைச் சோதிக்க, பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது எல்லோரும் அதிர்ந்துபோனார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களையும் கல்நாரோடு (ஆஸ்பெஸ்டாஸ்) வேலை செய்தவர்களையும் வைத்து நடந்த ‘கேரட்’ (CARET) என்று பெயரிட்ட ஆய்வில், பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். அங்கே 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே அதை நிறுத்திவிட்டார்கள்.

அதே பின்லாந்து ஆய்வில், சாப்பாட்டிலேயே பீட்டா கரோட்டின் நிறையச் சேர்த்துவந்தவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகத்தான் வந்தது. கேரட்டில் நார்ச்சத்தும் வேறு பல சத்துகளும் கூடவே இருக்கின்றன. மாத்திரையிலோ ஒரே பொருள், பெரிய அளவில். புகை படிந்த நுரையீரலில் அது சிதைந்து, தானே கெடுதல் செய்யும் பொருளாகிவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம்.

அதனால் கேத்தி கேரட்டுக்குப் பயப்படாதீர்கள். கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பொரியலாகச் செய்துகொடுங்கள், பச்சையாகத் தின்பதைவிடச் சத்து நன்றாக உடம்பில் சேரும். இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டாரே என்று கலங்கவும் வேண்டாம். பின்லாந்தில் மாத்திரையை நிறுத்திய சில ஆண்டுகளில் அந்தக் கூடுதல் ஆபத்து மறைந்துவிட்டது.

பீடியின் கெடுதலை முறிக்கும் மாத்திரை எதுவும் கிடையாது, பீடியைத்தான் விட வேண்டும். 54 வயதில் விட்டாலும் பலன் உண்டு. 1800-112-356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட ஆலோசனை சொல்வார்கள். உங்கள் பேச்சைவிட மகன் பேச்சுக்கு அவர் காது கொடுப்பார் என்றால், மகனையே பேசச் சொல்லுங்கள்.

எனக்குக் கவலையெல்லாம் அந்த இருமல்தான். மலைக் குளிர் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் அவசியம். சளியில் ரத்தம் தெரிந்தாலோ, உடம்பு இளைத்தாலோ அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.