பணிப்பட்டையில் காணாமற்போன பாட்டுப் பொத்தான்கள்

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் விடியற்காலைப் பூசைக்குக் கணினி வழியாகத்தான் பக்திப் பாடல்களை ஒலிபெருக்கியில் போடுகிறோம். தோட்ட அலுவலகம் கழித்துக் கொடுத்த பழைய கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி இருந்தது. மீடியா பிளேயரைச் சுருக்கிவிட்டால், திரையின் அடியில் உள்ள பணிப்பட்டையிலேயே (டாஸ்க்பார்) பாட்டை நிறுத்தவும் அடுத்த பாட்டுக்குப் போகவும் சிறு பொத்தான்கள் வந்து நிற்கும். தோட்டத்தில் பிறந்து இப்போது கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சேர்ந்து வாங்கித் தந்த கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. அந்தப் பொத்தான்களைக் காணவில்லை. தீபாராதனைக்கு மணியடித்ததும் பாட்டை நிறுத்தியாக வேண்டும். பொத்தான்களைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா, ஐயா?
— கோயில் செயலாளர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: உங்கள் கணினியில் எந்தக் கோளாறும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதைப் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிச் சென்று வீணாகப் பணம் கொடுத்தவர்களை நான் அறிவேன். எக்ஸ்பியிலும் அதற்குப் பின் வந்த விஸ்டாவிலும், பணிப்பட்டையின் காலியிடத்தில் எலியின் வலது பொத்தானை அழுத்தி, 'டூல்பார்ஸ்' பட்டியலில் மீடியா பிளேயரைக் குறியிட்டால் போதும், அந்தச் சிறு பட்டை வந்துவிடும். 2009இல் விண்டோஸ் 7 வெளிவந்தபோது, அதனுடன் வந்த மீடியா பிளேயரின் 12ஆம் பதிப்பிலிருந்து மைக்ரோசாப்ட் அந்தப் பட்டையை நீக்கிவிட்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11இலோ 'டூல்பார்ஸ்' என்ற பட்டியலே இல்லை. ஆகவே பழைய பட்டையை அப்படியே மீட்க இயலாது. ஆனால் அது செய்த வேலையைச் செய்ய வேறு இடங்கள் இருக்கின்றன.

பழைய மீடியா பிளேயர் விண்டோஸ் 11இலும் 'லெகசி' என்ற ஒட்டுப்பெயருடன் கிடைக்கிறது. அதில் பாட்டை ஓடவிட்டு, பணிப்பட்டையில் உள்ள அதன் சின்னத்தின் மேல் எலியின் அம்பை அழுத்தாமல் சற்று நேரம் நிறுத்திவைத்தால், ஒரு சிறிய படம் மேலெழும். அதன் அடியில் முந்தைய பாட்டு, நிறுத்து, அடுத்த பாட்டு என்ற மூன்று பொத்தான்களும் இருக்கும். 2022இல் வந்த புதிய மீடியா பிளேயரையோ இணைய உலாவியையோ பயன்படுத்தினால், வலது ஓரத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தைச் சொடுக்குங்கள். அல்லது விண்டோஸ் விசையுடன் 'ஏ' விசையைச் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் பெட்டியின் மேற்புறத்தில் பாட்டின் பெயரும் பொத்தான்களும் தெரியும். எதுவும் ஓடாதபோது அந்தப் பகுதி தோன்றாது என்பதால்தான் பலர் அது இல்லவே இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள்.

கோயில் வேலைக்கு என் பரிந்துரை இன்னும் எளியது. முக்கோணமும் இரு கோடுகளும் பொறித்த விசை உள்ள விசைப்பலகை ஒன்றை வாங்கி வையுங்கள். மணியோசை கேட்டதும், திரையைப் பார்க்காமலே யார் வேண்டுமானாலும் ஒரே அழுத்தில் பாட்டை நிறுத்தலாம். வயதான பூசாரிக்கும் தொண்டு செய்ய வரும் சிறுவர்களுக்கும் அதுவே வசதி.

ஒன்றை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பழைய பட்டையை மீட்டுத் தருவதாகச் சொல்லி, விஸ்டாவிலிருந்து எடுத்த கோப்புகளைச் சிலர் இணையத்தில் பகிர்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கோப்பைக் கணினியின் உள்ளமைப்புக்குள் வைப்பது, நன்கொடைக் கணக்கும் திருவிழாப் பட்டியலும் இருக்கும் கணினிக்கு ஏற்றதன்று.

கேள்வி: டியூஷன் வகுப்பில் விஎல்சி என்ற காணொளி மென்பொருள் மூலம் பாடக் காணொளிகளைக் காட்டுகிறேன். சின்னத்தின் மேல் அம்பை வைத்தால் நேற்றுவரை தெரிந்த பொத்தான்கள் இன்று தெரியவில்லையே?
— ஓர் ஆசிரியை, அதே வட்டாரம்

பதில்: விஎல்சியில் பல சாளரங்களைத் திறந்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சிறிய படங்களுக்கு இடம் போதாதபோது விண்டோஸ் வெறும் பெயர்ப் பட்டியலையே காட்டும். அதில் பொத்தான்கள் வாரா. ஒரே சாளரம்தான் என்றால், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தி, வரும் பட்டியலில் 'விண்டோஸ் எக்ஸ்புளோரர்' என்பதைத் தேர்ந்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். பணிப்பட்டை ஒரு கணம் மறைந்து மீண்டும் வரும், பதற வேண்டாம். அதன்பின் விஎல்சியை முழுவதுமாக மூடித் திறங்கள்; பொத்தான்களைப் பணிப்பட்டையிடம் கேட்டு வாங்குவது அந்த மென்பொருளின் வேலை என்பதால், திறக்கும்போது அது மீண்டும் கேட்டுப் பெற்றுக்கொள்ளும்.