இரவுப் படத்துக்கு உருப்படியான விமர்சனம் வாங்குவது எப்படி?

இரவில் எடுத்த படத்தைக் காட்டினால் 'சூப்பர்' அல்லது 'நாய்ஸ் (மணல்போல் தெரியும் புள்ளிகள்) அதிகம்', இரண்டில் ஒன்றுதான் வருகிறது என்கிறீர்கள். முதலில் ஷட்டர் (ஒளி விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) மூன்றையும் படத்தோடு போடுங்கள். கையில் பிடித்து 1/15 நொடி, ஐஎஸ்ஓ 6400 என்று தெரிந்தால்தான், 'டிரைபாடில் வைத்து ஐஎஸ்ஓ 100, 4 நொடி எடுங்கள், அதே வெளிச்சம் கிடைக்கும்' என்று யாராவது சொல்ல முடியும்.

'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள். படத்தில் எந்த இடத்தில் என்ன சந்தேகம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

அடுத்தவர் படத்துக்குச் சொல்லும்போதும் அப்படித்தான். சென்னை மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகையின் படம் என்று வைத்துக்கொள்வோம். 'லைட்டிங் சரியில்லை' என்றால் அவர் என்ன செய்வார், மாநகராட்சியின் விளக்கையா மாற்ற முடியும்? 'மணிக்கூண்டு வெளுத்துப்போய் கடிகார முள்ளே தெரியவில்லை, வானம் கறுப்பு அட்டை மாதிரி இருக்கிறது; சூரியன் மறைந்து இருபது, முப்பது நிமிடத்துக்குள், வானத்தில் நீலம் இருக்கும்போதே எடுத்துப் பாருங்கள்' என்றால் அடுத்த முறை உதவும்.

நாய்ஸைப் பற்றி இவ்வளவு புலம்புவது தேவையே இல்லை என்பேன். அதை மென்பொருளில் குறைத்துவிடலாம். முழுக்க வெளுத்த இடத்தை கேமரா பதப்படுத்தாமல் பதியும் ரா ஃபைலில்கூட மீட்க முடியாது.