பேரிடருக்கு அப்புறம் ஒரு ஊர் மீண்டு வர பணம் முக்கியமா, மக்கள் ஒத்துமை முக்கியமா?

பணம் கண்டிப்பா வேணும், ஆனா மொத ரெண்டு நாள் உயிரைக் காப்பாத்துறது அக்கம்பக்கம்தாங்க. 1995 ஜனவரில ஜப்பான் கோபே நிலநடுக்கத்துல இடிபாட்டுல சிக்கினவங்கள்ல பெரும்பாலானவங்களை வெளிய எடுத்தது சொந்தக்காரங்களும் பக்கத்து வீட்டுக்காரங்களும்தான், ஏன்னா பாட்டி எந்த ரூம்ல தூங்குவாங்கன்னு அவங்களுக்குத்தானே தெரியும். அங்க மனோங்கிற பகுதில 1960கள்லயே ஃபேக்டரி மாசுக்கு எதிரா ஒண்ணு கூடிப் பழகின ஜனங்க, வரிசையா நின்னு வாளில தண்ணி கைமாத்தி தீ பரவாம தடுத்தாங்க.

ஆனா அப்புறம் தற்காலிக வீடுகளை குலுக்கல்ல ஒதுக்கினதுல பழகின தெரு சிதறிப்போச்சு, வயசானவங்க பலர் தனியாவே செத்து ரொம்ப நாள் கழிச்சுத்தான் வெளிய தெரிஞ்சுது, எவ்ளோ கொடுமை பாருங்க. அதனால வீடு ஒதுக்கும்போதே தெரு ஆளுங்களை ஒண்ணா குடி வைக்கச் சொல்லி சேர்ந்து மனு குடுங்க.