போர்டும் துடுப்பும் கைவிட்டுப் போனால்: சப் சர்ஃபிங் கேள்வி பதில்

போர்டில் நின்று துடுப்புப் போட்டு அலை பிடிக்கும் சப் சர்ஃபிங்கில் விழுவது சாதாரணம். விழுந்து மேலே வரும்போது கையில் துடுப்பும் இல்லை, பக்கத்தில் போர்டும் இல்லை என்றால் அப்போதுதான் பலருக்கும் பதற்றம் வருகிறது. சென்னை அருகே கோவளம் பக்கம் பல வருடங்களாக இதைச் செய்கிறேன், சொல்லியும் தருகிறேன். இந்த ஒரு விஷயத்தைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

திருவான்மியூரிலிருந்து: விழுந்ததும் போர்டு ஒரு பக்கம், துடுப்பு ஒரு பக்கம் போய்விடுகிறது. முதலில் எதை எடுப்பது?

போர்டை. யோசிக்கவே வேண்டாம். போர்டு கிடைத்துவிட்டால் அதன்மேல் குப்புறப் படுத்துக் கையாலேயே கரைக்கு வந்துவிடலாம். துடுப்பு மட்டும் இருந்தால் நீங்கள் நீந்தித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. போர்டு நீரின் மேலே நிற்கும் பொருள். காற்றும் நுரையும் அதைச் சட்டென்று தள்ளிக்கொண்டு போய்விடும். துடுப்பு நீரோடு நீராகப் படுத்துக் கிடப்பதால் பெரும்பாலும் விழுந்த இடத்தை விட்டு அதிகம் நகராது. அதனால் லீஷை, அதாவது கணுக்காலையும் போர்டையும் இணைக்கும் கயிற்றை, இழுத்துப் போர்டைப் பிடியுங்கள், ஏறிப் படுங்கள், பிறகு தேடுங்கள். விழுந்த இடத்தை மறக்காமலிருக்கக் கரையில் ஒரு தென்னையையும் அதன் பின்னால் ஒரு கட்டடத்தையும் ஒரே கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மீனவர்கள் கடலில் இடம் குறிப்பது இப்படித்தான்.

துடுப்பை எட்டிப் பிடித்ததும் அங்கேயே எழுந்து நிற்க முயலாதீர்கள். துடுப்பின் அகலமான தட்டை நெஞ்சுக்கு அடியில் வைத்து, கம்பு போர்டின் மூக்கு நோக்கி நீட்டியிருக்கும்படி படுங்கள். இரண்டு கையும் காலியாகிவிடும். அப்படியே கையால் தள்ளி, அலை உடையும் இடத்தைத் தாண்டிய பிறகு எழுந்திருங்கள்.

கோவளத்திலிருந்து: விழும்போது துடுப்பைப் பிடித்திருக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

சின்ன அலையில் பிடித்திருங்கள். ஒரு கையில், உடம்பை விட்டு வெளியே நீட்டி, போர்டு இல்லாத பக்கமாக. மறு கை தலைக்கு மேல். உடம்புக்கும் போர்டுக்கும் நடுவில் துடுப்பு மாட்டிக்கொண்டால் விலா எலும்பில் இடிக்கும், துடுப்பும் முறியும்.

தலைக்கு மேல் உயரும் அலை உங்கள்மேல் விழப்போகிறது என்றால் விட்டுவிடுங்கள். ஒருமுறை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். துடுப்பின் தட்டை அலை பிடித்து இழுத்தது, தோள்பட்டை பின்னால் திருகியது. மூன்று வாரம் சட்டை போடக்கூடச் சிரமப்பட்டேன். அந்தத் துடுப்பு எப்படியும் கரைக்கு வந்திருக்கும்.

புதுச்சேரியிலிருந்து: லீஷ் அறுந்து போர்டு போய்விட்டது. துடுப்பு மட்டும் கையில். எப்படி நீந்துவது?

முதலில் போர்டு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். நுரையில் மாட்டியிருந்தால் அது கரைக்குத்தான் போகும், உங்களுக்கு முன்பே போய்க் காத்திருக்கும். அவசரப்பட வேண்டாம். துடுப்பின் நடுக்கம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குப்புறப் படுத்து, இடமும் வலமுமாக மாற்றி மாற்றித் தண்ணீரைத் தள்ளலாம். அது வராதவர்கள் ஒரு கையில் துடுப்பைக் கிடையாகப் பிடித்து ஒருக்களித்து நீந்தினால் போதும்.

பின்னாலிருந்து அலை வரும்போது துடுப்பைக் குறுக்கே பிடிக்காதீர்கள். கம்பை அலைக்கு நேராக, ஈட்டி போல நீட்டி மூழ்குங்கள். களைப்பு வந்துவிட்டது, அல்லது கரை நெருங்கவே இல்லை என்றால் துடுப்பை விட்டுவிடுங்கள். வெளியே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டியிருந்தால் எதிர்த்து நீந்தாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். ஒரு கையை உயர்த்தி ஆட்டினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். துடுப்பு இன்னும் கையில் இருந்தால் அதையே தூக்கி ஆட்டுங்கள். தலை தெரியாத தூரத்திலும் அது தெரியும்.

மாமல்லபுரத்திலிருந்து: என் போர்டு கடலுக்குள் போக ஆரம்பித்தது. முப்பது மீட்டர் தூரம்தான். துரத்தியிருக்கலாமா?

துரத்தாமல் விட்டது சரி. இந்தக் கேள்வியை ஜூன், ஜூலையில் கடலுக்குப் போகும் எல்லோரும் படிக்க வேண்டும். அந்த மாதங்களில் காலையில் நம் கரையில் மேல்காற்று, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கடல்காற்று மத்தியானத்துக்கு மேல்தான் திரும்பும். மேல்காற்றில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், அலை அழகாக உடையும், எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் அலை உடையும் இடத்துக்கு அப்பால் லீஷ் அறுந்தால் எட்டுப் பத்துக் கிலோ போர்டு காகிதம் மாதிரி பறக்கும். முப்பது மீட்டர் கொஞ்ச நேரத்தில் நூறாகும்.

என் பழக்கம் இது: முழு வேகத்தில் இருபது வீச்சு. நின்று பார்ப்பேன். இடைவெளி குறையவில்லை என்றால் உடனே கரைக்குத் திரும்புவேன். இன்னும் ஒரு இருபது என்று மனம் சொல்லும், கேட்கக் கூடாது. நீங்கள் திரும்பி வரும்போது அதே காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்.

அறுகம் குடா, இலங்கையிலிருந்து: அண்ணா, இங்கே அடியில் கல். லீஷ் கல்லில் சிக்கினால் என்ன செய்வது?

தம்பி, முழங்காலை மடக்கிக் கணுக்காலைக் கைக்குக் கொண்டுவந்து ஒட்டுப் பட்டையின் நுனியைப் பிடித்து இழுங்கள். போர்டு போனால் போகட்டும். இதைக் கரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு இருபது முறை செய்து பாருங்கள். நுரைக்குள் கண் திறந்தாலும் ஒன்றும் தெரியாது. விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஆறு, முகத்துவாரம் போன்ற ஓடும் நீரில் கணுக்கால் லீஷே வேண்டாம். மழைக்காலத்தில் முட்டுக்காடு முகத்துவாரத்தில் கழிமுகத் தண்ணீர் கடலை நோக்கி ஓடும்போது, ஒரு மரக்கழியில் லீஷ் சிக்கினால் ஓட்டம் உங்களை நீட்டிப் படுக்கவைத்துவிடும், காலை எட்டவே முடியாது. அங்கே இடுப்பில் கட்டி, இழுத்தால் கழலும் வகைதான் சரி.

ராமேஸ்வரத்திலிருந்து: சுருள் லீஷ் அலைக்கு ஆகுமா?

ஆகாது. அமைதியான தண்ணீருக்கு நல்லது. அலையில் நீண்டு, சுருங்கி, போர்டை உங்கள்மேலேயே கொண்டுவந்து எறியும். ஆரம்ப கால லீஷ்கள் ரப்பர் குழாய்தான். அப்படித் திரும்பி வந்த போர்டு அடித்துத்தான் குளிர்ந்த நீரில் போடும் வெட்சூட் உடை தயாரித்த ஜாக் ஓ'நீலுக்கு 1970களின் தொடக்கத்தில் இடது கண் போனது. நேர் லீஷ் வாங்குங்கள், போர்டின் நீளம் அல்லது ஓர் அடி கூடுதல். விரலால் தடவும்போது நகம் மாட்டும் அளவுக்கு ஒரு கீறல் இருந்தாலும் மாற்றுங்கள், அங்கேதான் அறும்.

நீலாங்கரையிலிருந்து: துடுப்பு மிதக்கும் என்றார்கள், என்னுடையது மூழ்கிவிட்டதே?

நீளம் கூட்டிக் குறைக்கும் அலுமினியத் துடுப்பா? பொத்தான் ஓட்டை வழியாகக் கம்புக்குள் தண்ணீர் போயிருக்கும். புதிதாக வாங்கினால் ஒரு தொட்டியில் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். கம்புக்குள் கெட்டியான ஃபோமை அடைத்தால் மிதக்கும். தட்டில் ஆரஞ்சு டேப் ஒட்டுங்கள். கறுப்புக் கார்பன் துடுப்பை நுரைக்குள் தேடுவது பெரும்பாடு.

பெசன்ட் நகரிலிருந்து: மகள் பழகுகிறாள். அலை வந்தால் போர்டை விட்டுவிட்டு மூழ்கலாமா?

விடும் முன் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்பது அடி போர்டு, ஒன்பது அடி லீஷ். அவளுக்குப் பின்னால் பதினெட்டு அடிக்குள் இருக்கும் எவர் தலையிலும் அது விழும். லீஷ் மற்றவர்களைக் காப்பாற்றாது. தனக்கும் கரைக்கும் நடுவில் போர்டு இருக்கலாம், தனக்கும் அலைக்கும் நடுவில் இருக்கவே கூடாது.

மீண்டும் கோவளத்திலிருந்து: தொலைந்த போர்டை எங்கே தேடுவது? மீனவர் யாராவது கொண்டுவந்தால் என்ன தருவது?

தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் பொதுவாக வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. அந்தப் பக்கத்துக் குப்பங்களில் சொல்லிவையுங்கள். போர்டின் மேல் அழியாத மையில் தொலைபேசி எண் இருக்கட்டும். ஆளில்லாத போர்டைப் பார்த்தவர்கள் ஆள் மூழ்கிவிட்டதாகத்தான் நினைப்பார்கள். நீங்கள் பத்திரமாகக் கரையேறியதும் கடலோரக் காவல்படைக்கு 1554 எண்ணில் சொல்லிவிடுங்கள். கரையில் இருப்பவர் கண்ணுக்கு ஆளே தெரியவில்லை என்றாலும் அதே எண்தான்.

கொண்டுவந்தவருக்கு எண்ணெய்ச் செலவும் அன்றைய மீன்பாடும் சேர்த்துக் கொடுங்கள். அவர் வலையை விட்டுவிட்டு வந்திருப்பார்.