யோகா டீச்சருக்கு முடக்குவாதம் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

கோவையிலிருந்து எழுதுகிறேன். வயது 33. காலை 5.45க்கு ஒரு அப்பார்ட்மென்ட்டில் யோகா வகுப்பு எடுக்கிறேன், பிறகு ஒரு பள்ளியில். போன தீபாவளிக்குப் பிறகு இரண்டு கை விரல்களிலும் கணுக்கள் வீங்கத் தொடங்கின. இந்த நோயைக் காட்டும் ஆன்டி-சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனை பாசிடிவ். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு. கூகுளில் தேடினால் மெத்தோட்ரெக்சேட் கேன்சர் மருந்து என்று வருகிறது. நிறுத்திவிட்டு யோகாவிலேயே சரிசெய்துகொள்ளலாமா என்று தோன்றுகிறது. மாமியார், "இத்தனை வருஷமா யோகா பண்றே, உனக்கேவா?" என்கிறார். பல நாள் காலையில் என்னால் வஜ்ராசனத்தில் உட்காரக்கூட முடிவதில்லை. நான் ஆரோக்கியத்தைப் பற்றி வகுப்பெடுப்பது ஏமாற்று வேலை இல்லையா? மாணவர்களிடம் சொல்வதா, மறைப்பதா? உங்களுக்கும் இதே நோய் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எப்படிச் சமாளிக்கிறீர்கள்? பெயர் வெளியிட வேண்டாம்.

க.

*

அன்புள்ள க.,

மாத்திரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நிறுத்தாதீர்கள். மற்ற எல்லாப் பேச்சும் அதற்கு அப்புறம்தான்.

மெத்தோட்ரெக்சேட்டைப் புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அளவு வேறு. அங்கே சில சிகிச்சைகளில் ஒரே தவணையில் கிராம் கணக்கில் ஏற்றுவார்கள். நமக்கு வாரத்துக்கு ஏழரை மில்லிகிராமில் தொடங்கி, பெரும்பாலும் 25க்குள் முடித்துவிடுவார்கள். முடக்குவாதத்துக்கு இதைக் கொடுக்க அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்தது. இன்றைக்கு உலகம் முழுக்க இந்த நோய்க்கு டாக்டர்கள் முதலில் எழுதும் மருந்து இதுதான்.

இந்த மருந்தின் பூர்வீகத்தில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. எல்லாப்ரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னார் என்று கதர் உடுத்திக்கொண்டு போய், வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார் என்பார்கள். சென்னையிலேயே ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு நடத்தினார். பிறகு அமெரிக்கா போனார். அங்கே லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சித் தலைவரானார். 1940களில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளும் அதே கூடத்திலிருந்துதான் வந்தன, மெத்தோட்ரெக்சேட் உட்பட. உங்களுக்கும் மெத்தோட்ரெக்சேட்டின் பக்கவிளைவு குறைய ஃபோலிக் ஆசிட் எழுதிக்கொடுத்திருப்பார்களே? ஆக, மருந்து டப்பாவில் இருக்கும் இரண்டு மாத்திரைக்கும் ஒரே பிறந்த வீடு. ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் எடுத்தவரின் கூடத்தில் பிறந்த மருந்தை "இங்கிலீஷ் மருந்து, உடம்புக்கு ஆகாது" என்று யாராவது தள்ளும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படத்தான் வேண்டும். வாரம் ஒருமுறை என்றால் வாரம் ஒருமுறை. தினமும் என்று தப்பாக நினைத்துச் சாப்பிட்டு உயிரையே விட்டவர்கள் உண்டு. நாள்காட்டியில் அந்தக் கிழமையைச் சுற்றி வட்டம் போடுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். எனக்கு மறுநாள் குமட்டும், தலை பாரமாக இருக்கும். அதனால் டாக்டரிடம் கேட்டு சனிக்கிழமை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டேன், ஞாயிறு வகுப்பு கிடையாது. கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் சொன்ன தேதியில் பரிசோதனை, ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்காகக் கண் பரிசோதனை, இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டீராய்டை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். அதைச் சாப்பிடும் காலத்தில் முகம் உப்பும். என்னைப் பார்த்து, "இப்பத்தான் பூசினாப்ல நல்லா இருக்கீங்க" என்று பாராட்டியவர்கள் அதிகம். நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

"உனக்கேவா?" என்ற கேள்விக்கு வருகிறேன். யோகத்துக்குத் தடையாக வரும் ஒன்பது விஷயங்களைப் பதஞ்சலி வரிசைப்படுத்துகிறார். முதலாவது வியாதி. சந்தேகமும் சோம்பலும் பிற்பாடுதான். யோகம் பழகுகிறவனுக்கு நோயே வராது என்றால் அதைத் தலையில் தூக்கி வைத்திருக்க மாட்டார். நம் நோயில் உடம்பின் காவல் அமைப்பே மூட்டின் உள்ளுறையைப் பகையாக நினைத்துத் தாக்குகிறது. பரம்பரைக்கு அதில் பங்கு உண்டு, புகைபிடித்தலுக்குப் பங்கு உண்டு, ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. சூரிய நமஸ்காரம் குறைவாகச் செய்ததால் வருவதில்லை.

அதற்காக யோகாவால் பயனில்லை என்று சொல்லவில்லை. தில்லி எய்ம்ஸில் நோய் தீவிரமாக இருந்த 72 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. எட்டு வாரம் யோகா செய்தவர்களுக்கு ரத்தத்தில் வீக்கக் குறியீடுகள் குறைந்தன, மனச்சோர்வும் குறைந்தது. ஆனால் அவர்கள் யாரும் மருந்தை நிறுத்தவில்லை, யோகா செய்த குழு, ஒப்பிடுவதற்காக வைத்த செய்யாத குழு, இரண்டுமே வழக்கமான மாத்திரைகளோடுதான் இருந்தன. இந்த ஆய்வை வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

ஏமாற்று வேலையா என்று கேட்டீர்கள். நம் தொழிலில் ஆசிரியரின் உடம்பையே விளம்பரப் பலகையாக்கிவிட்டார்கள். கடற்கரைப் பாறை, சூரிய உதயம், நடராஜாசனத்தில் ஒரு மெலிந்த பெண். இந்தப் படம் இல்லாத யோகா பேனர் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். அந்தப் பெண்ணாக இருப்பேன் என்று நீங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. மூச்சையும் அசைவையும் ஒழுங்காகச் சொல்லித்தருவேன் என்றுதான் காசு வாங்குகிறீர்கள். அது இன்றும் உங்களால் முடியும். "இதைச் செய்தால் எந்த நோயும் அண்டாது" என்று இதுவரை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தால், அந்த வசனத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஏமாற்று என்று ஏதாவது இருந்தால் அது அதில்தான் இருக்கிறது.

நோயே குரு, நோயே வரம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த பாக்கியம் வாய்க்கவில்லை. விடிகாலையில் காபி ஃபில்டரைத் திறக்க முடியாமல் கணவரை எழுப்பும்போது எந்த வரமும் கண்ணில் படுவதில்லை. பால் பாக்கெட்டைக் கத்தரிக்க விரல் வராது. கோலப்பொடி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நிற்காது. ஸ்கூட்டியின் பிரேக்கைப் பிடிக்க முடியாத காலத்தில் ஆட்டோவுக்கே சம்பளத்தில் பாதி போயிற்று.

உங்கள் உண்மையான பிரச்சினை வஜ்ராசனம் அல்ல, 5.45 மணி. இந்த நோயில் வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 போன்ற ரத்தப் புரதங்கள் பின்னிரவில் ஏறி விடியற்காலையில் உச்சத்துக்குப் போகின்றன. கண் விழித்து ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம், மூட்டுகள் இறுகிக் கிடப்பது அதனால்தான். ஊரெல்லாம் யோகா வகுப்பு நடப்பதும் சரியாக அந்த நேரத்தில்! பிரம்ம முகூர்த்தத்தின் பெருமை எனக்கும் தெரியும். ஆனால் அப்பார்ட்மென்ட் வகுப்பு அந்த நேரத்தில் நடப்பதற்குக் காரணம் சாஸ்திரம் இல்லை, எட்டு மணிக்கு எல்லோரும் ஆபீஸ் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். மாலைக்கு மாறுங்கள். வருமானம் சில மாதம் குறையும், எனக்கும் குறைந்தது. காலை வகுப்பை விடவே முடியாது என்றால் இன்னொரு ஆசிரியரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். நோய் கிளம்பும் வாரத்தில் அவர் எடுக்கட்டும், அவருக்கு முடியாத நாளில் நீங்கள். நம்மைப் போல் வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களுக்கு மெடிக்கல் லீவ் என்று ஒன்று கிடையாது. அதை நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான்.

அடுத்து ஆசனங்கள். முதலில் கழுத்து, ஏனென்றால் இதை எந்த ஆசிரியர் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. முடக்குவாதம் நாள்பட்டால் கழுத்தின் மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே தசைநார் தளரலாம். அப்படித் தளர்ந்திருக்கும்போது சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் மூன்றும் ஆபத்து, தண்டுவடம் அங்கேதான் இருக்கிறது. உங்களுக்கு நோய் புதிது, இன்னும் அந்த நிலை வந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் அடுத்த முறை போகும்போது, "நான் தலைகீழ் ஆசனம் செய்கிறவள், கழுத்துக்கு எக்ஸ்ரே வேண்டுமா?" என்று நேராகக் கேளுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டருக்குத் தெரியப்போவதில்லை. பதில் வரும்வரை மூன்றையும் செய்யாதீர்கள், செய்தும் காட்டாதீர்கள். பின்கழுத்தில் வலியோ கையில் மரமரப்போ வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

மணிக்கட்டை முழுக்க மடக்கி அதில் எடை போடும் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். அதோமுக ஸ்வானாசனத்துக்குச் சுவர் போதும், இல்லையென்றால் முன்கையைத் தரையில் வைத்துச் செய்யலாம். சூரிய நமஸ்காரத்தை நாற்காலியை வைத்துக்கொண்டு முழுதாகச் செய்ய முடியும். மூக்கின் ஒரு துளையை மாற்றி மாற்றி மூடும் நாடி சுத்திக்கு இரண்டு விரலை மடக்க வேண்டியதில்லை, அவற்றைப் புருவ மத்தியில் வைத்துக்கொண்டால் கணுக்களுக்குச் சிரமம் இல்லை. சூடாக வீங்கியிருக்கும் மூட்டை நீட்டி இழுக்காதீர்கள். அன்றைக்கு அதை மெதுவாக அசைத்துக் கொடுத்தாலே போதும். காலையில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு விரல்களைத் திறந்து மூடுவதுதான் பல நாள் என்னுடைய முழு சாதனை.

செய்துகாட்டாமல் எப்படிச் சொல்லித்தருவது என்ற பயம் எனக்கும் இருந்தது. வாயால் சொல்லித்தரலாம். "வலது குதிகாலை அழுத்துங்க, முழங்காலைப் பூட்டாதீங்க, இப்ப மூச்சை விடுங்க" என்று துல்லியமாகச் சொல்லப் பழக நாள் ஆகும், ஆனால் பழகிவிடும். நன்றாகச் செய்யும் ஒரு மாணவியை முன்னால் நிறுத்தலாம். நாமே குனிந்து நின்றால் நம் முழங்கால்தான் தெரியும். நடந்துகொண்டே பார்த்தால் யார் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், யார் முழங்கையைப் பூட்டுகிறார் என்பதெல்லாம் தெரிகிறது. சென்னையில் வாழ்ந்த யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் தொண்ணூறைத் தாண்டிய வயதில் இடுப்பெலும்பு முறிந்த பிறகு, படுக்கையிலேயே செய்யக்கூடிய பயிற்சியைத் தனக்கு வகுத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அதில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம்.

பாய்களை அவரவரே சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்லவே எனக்கு வருடக்கணக்கில் கூச்சமாக இருந்தது.

மாணவர்களிடம் சொல்லுங்கள் என்றே சொல்வேன், ஆனால் கதையாக வேண்டாம். "எனக்கு முடக்குவாதம் இருக்கு, மருந்து சாப்பிடறேன். சில நாள் செய்துகாட்ட மாட்டேன், சொல்லித்தருவேன்." போதும், உடனே வகுப்பை ஆரம்பித்துவிடுங்கள். ஓரிருவர் நின்றுவிடுவார்கள். வேறு சிலர் வகுப்பு முடிந்ததும் வீக்கத்தைக் காட்டும் தங்கள் ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அதைப் படித்து வைத்தியம் சொல்லாதீர்கள், மூட்டு வாத நோய் டாக்டரான ருமட்டாலஜிஸ்ட்டிடம் அனுப்புங்கள். இருமலும் காய்ச்சலுமாக வகுப்புக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். நம் மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்பைக் கொஞ்சம் அடக்கித்தான் வேலை செய்கின்றன.

முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல் என்று ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். தோசையை ருசிக்காகச் சாப்பிடுங்கள். கஷாயம், லேகியம், பொடி என்று வந்தால் டாக்டரைக் கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். ஏற்கெனவே மெத்தோட்ரெக்சேட்டைச் சுமக்கும் கல்லீரல் அது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் வயதுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. குழந்தை பற்றி யோசனை இருந்தால் சில மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மருந்துக்கு மாற்றிவிடுவார்கள். இந்த நோயோடு பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். இதை மாமியாரிடமும் அப்படியே சொல்லலாம்.

மாலையில் ஹால் கிடைக்காது என்று அசோசியேஷன் செக்ரட்டரி சொல்வார், எல்லா அப்பார்ட்மென்ட்டிலும் சொல்வதுதான். ஹாலை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள், பெரும்பாலும் பஜனைக் குழுவாகத்தான் இருக்கும். செவ்வாய், வெள்ளி அவர்களுக்கு, மற்ற நாள் உங்களுக்கு என்று அவர்களிடமே நேராகப் பேசிப் பாருங்கள். அந்தக் குழுவிலேயே பாதிப் பேருக்கு முழங்கால் வலி இருக்கும், வகுப்பிலும் சேர்ந்துவிடுவார்கள்.

அன்புடன்,
அக்கா