கைகட்டி நிற்கும் ஆசிரியை

அன்புள்ள ஐயா,

டொரன்டோவில் கணித ஆசிரியை நான். மாணவர்கள் பேசும்போது கைகட்டி நின்று கேட்பேன். ‘மிஸ் எப்போதும் கோபமாக இருக்கிறார்’ என்கிறார்களாம். நமக்குக் கைகட்டுவது பணிவு அல்லவா? அரை நிமிட ஊமை வீடியோவை வைத்தே ஆசிரியரை எடைபோடலாம் என்று ஓர் ஆய்வும் படித்தேன். உடல்மொழிப் பயிற்சிக்குப் போகட்டுமா?

*

அன்புள்ள டீச்சர்,

பயிற்சியெல்லாம் வேண்டாம், கையைப் பிரித்துவிடுங்கள். பண்பாட்டின் மேல் பழி போடாதீர்கள். நம்மூரில் மாணவன் வாத்தியார் முன்னால் கைகட்டினால் பணிவு. வாத்தியார் மாணவன் முன்னால் கட்டினால் இங்கேயும் அது கண்டிப்புதான்.

அந்த ஆய்வு உளவியலாளர்கள் நளினி அம்பாடியும் ராபர்ட் ரோசந்தாலும் 1993இல் வெளியிட்டது. முன்பின் தெரியாதவர்கள் ஊமை வீடியோவைப் பார்த்துச் சொன்னது, பருவ முடிவில் மாணவர்கள் ஆசிரியருக்குத் தந்த மதிப்பீட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. பிள்ளைகளுக்கு யாரைப் பிடித்தது என்பதுதான் அதில் தெரியும். பாடம் எவ்வளவு ஏறியது என்பது தெரியாது. உங்களுக்கு எது முக்கியம்?

நான் கேட்க நினைப்பது வேறு. கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? அமெரிக்க வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் பொறுக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். 3 நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். கெட்டிக்காரர்கள் என்று ஆசிரியர் நினைத்த பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதல் நேரம் கிடைத்ததையும் அவர் கண்டார். எனக்கு ஆறாத விஷயம் இதுதான். அடுத்த பெஞ்சுக்குத் தாவும் பார்வையிலேயே தனக்கு என்ன மதிப்பு என்று பிள்ளை கண்டுகொள்கிறது. அது எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தால் என்ன?

எங்கள் வகுப்பில் திக்கித் திக்கிப் பேசும் ஒருவன் இருந்தான். அவன் எழுந்தால் கணக்கு வாத்தியார் சாக்பீஸை மேஜையில் வைத்துவிடுவார். ஜன்னல் கட்டையில் சாய்ந்துகொள்வார். அவன் முகத்தைப் பார்க்க மாட்டார். உற்றுப் பார்த்தால் அவனுக்கு இன்னும் திக்கும் என்று அவருக்குத் தெரியும். கரும்பலகைக் கணக்கையே பார்த்துக்கொண்டு நிற்பார். யாராவது பதிலை முணுமுணுத்தால் மட்டும் ஒரு முறை முறைப்பார். சில நாள் மணி அடித்துவிடும். ‘சரி, நாளைக்குச் சொல்லு’ என்பார். மறுநாள் மறக்காமல் கேட்பார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதம் முழுக்க உங்கள் கைகளைப் பற்றித்தான் இருக்கிறது. உங்கள் வகுப்பில் பேசாத பிள்ளை யார்? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.