பீபீ தீவு வியூ பாயிண்ட் ஏறப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

தாய்லாந்தில் புக்கெட்டில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். விடுமுறை கிடைத்தால் படகு ஏறி பீபீ டோன் தீவுக்குப் போய்விடுவேன். அங்கே தோன்சாய் ஊருக்குக் கிழக்கே, வியூ பாயிண்ட் இருக்கும் குன்றில் இதுவரை பதினொரு முறை ஏறியிருக்கிறேன். வெயிலில், மழையில், அப்பாவோடு, தனியாக என்று எல்லா விதமாகவும். டிசம்பர் விடுமுறைக்குப் பலர் கிளம்புவதால் கேள்விகளை ஒரே இடத்தில் கேட்கச் சொன்னேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் இவை.

செல்வி, மதுரை: பழனி மலைப் படி ஏறும் அளவுக்குக் கஷ்டமா அண்ணா?

பழனியில் 693 படி. இங்கே படிகள் அதில் பாதி அளவுதான். ஆனால் பழனியில் வழிநெடுக மண்டபம் இருக்கும், உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். இங்கே அப்படி இல்லை. ஊரின் கடைசிச் சந்துகளைத் தாண்டியதும் சிமெண்ட் படி செங்குத்தாக ஆரம்பிக்கும். சில படிகள் முழங்கால் உயரத்துக்குக் கிட்ட வரும். முதல் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். கடற்காற்று ஊரோடு நின்றுவிடுகிறது, படியில் அது வராது. புழுக்கம்தான் உங்களைச் சோர வைக்கும், உயரம் இல்லை.

முதல் வியூ பாயிண்ட்டுக்குச் சாதாரணமாக இருபது நிமிடம். அங்கிருந்து இரண்டாவதற்கு இன்னும் பத்து நிமிடம். அதுதான் 186 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எல்லாரும் படத்தில் பார்த்த இடம். வழியில் கட்டணம் வாங்குவார்கள். சிறிய தொகைதான், ஆனால் தாய்லாந்துப் பணமான பாட் ரொக்கமாக வைத்திருங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கட்டாயம். மேலே கடை உண்டு, விலை கூடுதல். தண்ணீர்ப் பெட்டிகளை அவ்வளவு உயரம் கொண்டுவர வேண்டியிருக்கிறதே, அந்த விலை நியாயம்தான்.

கார்த்திக், சென்னை: படம் எடுக்க எந்த நேரம் நல்லது? எல்லாரும் சூரிய அஸ்தமனம் என்கிறார்களே?

நான் காலை என்பேன். மேலே நின்றால் நீங்கள் மேற்கே பார்த்து நிற்பீர்கள். இடது கைப் பக்கம் தோன்சாய் விரிகுடா, வலது கைப் பக்கம் லோ தாலம் விரிகுடா, நடுவில் ஒல்லியான மணல் பட்டையில் மொத்த ஊர். எதிரே மேற்குப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைக் குன்று சுவர் மாதிரி நிற்கும். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எட்டு, ஒன்பது மணிக்கு வெளிச்சம் நேராகத் தண்ணீரில் விழும்போது வரும் பச்சையும் நீலமும் மாலையில் வராது. மாலையில் வானம் அழகு, ஊர் இருட்டு, கூட்டம் தோளோடு தோள் உரசும்.

ஒன்றை யாரும் சொல்வதில்லை: கடல் வற்றம் பார்த்துப் போங்கள். லோ தாலம் பக்கம் ஆழம் குறைவு. நீர் வற்றினால் கரையிலிருந்து வெகுதூரம் வெறும் சேற்று மணல்தான், படகுகள் தரைதட்டிச் சாய்ந்து கிடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இரண்டு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். இரண்டு பக்கமும் நீலமாக வேண்டும் என்றால் நீர் ஏறியிருக்கும் காலைப் பொழுதைத் தேர்ந்தெடுங்கள். கடல் ஏறும், வற்றும் நேரத்தின் அட்டவணை போனிலேயே கிடைக்கும்.

பிரபு, கோவை: புக்கெட்டிலிருந்து ஸ்பீட் போட்டில் ஒருநாள் டூர் போகிறோம். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் நிறுத்துவார்களாம். அதற்குள் ஏறி இறங்கிவிடலாமா?

வேண்டாம் பிரபு. உச்சி வெயில், வயிறு நிறையச் சாப்பாடு, படகு போய்விடுமோ என்ற பயம். ஓடி ஏறி, ஒரு செல்ஃபி எடுத்து, ஓடி இறங்குவீர்கள். கால் சுளுக்குவது பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான். ஒரு ராத்திரி தங்குங்கள். புக்கெட்டிலிருந்து பெரிய படகில் இரண்டு மணி நேரம், கிராபியிலிருந்து ஒன்றரை மணி நேரம். டூர் படகுகள் வந்து சேருவதற்கு முன்னால், காலையில் அந்தக் குன்று கிட்டத்தட்ட உங்களுக்கே சொந்தம்.

ரேவதி, திருச்சி: அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் வலி உண்டு. கூட்டிப் போகலாமா?

போகலாம், ஆனால் படி வழியாக வேண்டாம். குன்றின் பின்பக்கமாகச் சிமெண்ட் பாதை ஒன்று சுற்றி ஏறுகிறது. தூரம் அதிகம், சரிவும் உண்டு, ஆனால் படிபோல முழங்காலை மடக்கி ஏற்ற வேண்டியதில்லை. தங்குமிடத்தில் கேட்டால் காட்டுவார்கள். என் அப்பாவை அப்படித்தான் கூட்டிப்போனேன். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் அதிகம் வலிக்கும், அதனால் திரும்பும்போதும் அதே வழி. கையில் ஒரு கம்பு கொடுங்கள். இருபது அடிக்கு ஒருமுறை நின்றாலும் அவசரப்படுத்தாதீர்கள்.

ஹரீஷ், பெங்களூரு: எனக்கு ஜூலையில்தான் லீவு. மழையில் ஏற முடியுமா?

முடியும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. நாள் முழுக்க அடிக்கும் மழை இல்லை, விட்டுவிட்டு வரும். பிரச்சினை படிதான். நிழல் விழும் இடங்களில் கருப்பாகப் பாசி படிந்திருக்கும், காய்ந்த நாளில் கண்ணுக்கே தெரியாது. ஒரு ஆகஸ்டில் ரப்பர் செருப்போடு ஏறினேன். இறங்கும்போது வார் அறுந்து நான்கு படி சறுக்கினேன், உள்ளங்கைத் தோல் உரிந்தது. அன்றிலிருந்து பிடிமானம் உள்ள ஷூ இல்லாமல் ஏறுவதில்லை. நீங்களும் ஏறாதீர்கள். இடி இடித்தால் மேலே நிற்க வேண்டாம். கடல் கொந்தளித்தால் படகையே நிறுத்திவிடுவார்கள், ஊர் திரும்ப ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சகோதரி, மட்டக்களப்பு: சுனாமியில எங்கட ஊரும் அழிஞ்சது. பீபீயில் சனம் இந்த மலைக்குத்தான் ஓடினது என்று கேள்விப்பட்டன். உண்மையா? அங்க போக மனம் வருமா தெரியேல்ல.

உண்மைதான் அக்கா. 2004 டிசம்பர் 26, சுமாத்ராவுக்கு அருகே நிலம் நடுங்கியபோது இங்கே காலை எட்டு ஆகப்போகிறது. பத்தரை மணி வாக்கில் அலை வந்தது. இந்த ஊர் இருக்கும் மணல் பட்டையை மேலிருந்து பார்த்தால்தான் நடந்தது புரியும். ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு நடக்க நான்கு நிமிடம்கூட ஆகாது, தரை கடல்மட்டத்துக்கு இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. அலை ஒரு பக்கமிருந்து வரவில்லை. தோன்சாய் பக்கமும் லோ தாலம் பக்கமும் இரண்டிலும் ஏறி நடுவில் ஒன்றோடொன்று மோதியது. கடலை விட்டு விலகி ஓடியவர்களுக்கு எதிரே இன்னொரு கடல். தப்ப ஒரே திசை மேலேதான். மேலே ஏறியவர்களில் பலர், அடுத்த அலை வருமோ என்ற பயத்தில் அன்று ராத்திரி முழுவதும் கீழே இறங்கவில்லை.

இப்போதும் ஊர்ச் சந்துகளில் நீல நிறப் பலகைகள் உண்டு: ஒரு அலை, மேட்டில் ஏறி ஓடும் ஒரு மனிதன், அம்புக்குறி. முதல் தடவை வியூ பாயிண்ட்டுக்கு வழி தேடியபோது அந்தப் பலகைகளைப் பார்த்துத்தான் போனேன். பாதி வழியில்தான் உறைத்தது, நான் வேடிக்கை பார்க்க ஏறும் வழிதான் அவர்கள் உயிரைக் காப்பாற்ற ஓடிய வழி. அங்கேயே ஒரு படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். மேலே போனதும், நாகப்பட்டினத்தில் அதே காலையில் போன என் சித்தி வீட்டு ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள்.

மனம் வந்தால் வாருங்கள். வராவிட்டால் விடுங்கள், அதில் தவறே இல்லை. வந்தால் அதிகாலையில், ஆள் இல்லாத நேரத்தில் ஏறுங்கள். மற்ற எல்லாரும் ஒன்றைச் செய்யுங்கள்: தீவில் தங்கும் முதல் நாளே உங்கள் அறையிலிருந்து படி தொடங்கும் இடம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். நிலம் நீண்ட நேரம் ஆடினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ பையைத் தேடாமல் அங்கே ஓட வேண்டும்.

தினேஷ், சேலம்: குரங்குத் தொல்லை உண்டா? டிரோன் பறக்கவிடலாமா?

குரங்குகள் கடற்கரைப் பக்கம்தான் அதிகம். எங்கே பார்த்தாலும் தீனி போடாதீர்கள். கடித்தாலோ நகம் பட்டாலோ சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போய்விட வேண்டும். டிரோனுக்குத் தாய்லாந்தில் முன்கூட்டியே பதிவு வேண்டும், தேசியப் பூங்கா எல்லைக்குள் தனி அனுமதியும் வேண்டும். இரண்டு நாள் பயணத்துக்கு அந்த அலைச்சல் எதற்கு?

மீனா, சிங்கப்பூர்: நாங்கள் சைவம். ஏறி இறங்கிய பிறகு என்ன சாப்பிடுவது?

தாய்லாந்து மொழியில் ‘ஜே’ என்று சொல்லிக் கேளுங்கள், சுத்த சைவம் என்று அர்த்தம். முட்டை, மீன் சாறு எதுவும் சேராது என்று புரிந்துகொள்வார்கள். வெறும் ‘வெஜிடபிள்’ என்றால் காய்கறிதான் வரும், அதில் மீன் சாறும் இருக்கும். ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், மலையேறி இறங்கிய கோலத்தில் நீச்சலுடையோடு சந்துகளில் திரியாமல் மேல்சட்டை போட்டுக்கொண்டால் அவர்களுக்கு மரியாதை.

ரேவதி, திருச்சி: இன்னொரு சந்தேகம் அண்ணா. அம்மாவால் முதல் வியூ பாயிண்ட்டுக்கு மேல் முடியாவிட்டால்? நாங்கள் இரண்டாவதற்குப் போய் வரும்வரை தனியாக உட்காரலாமா?

தாராளமாக. முதலாவதிலிருந்தும் இரண்டு கடலும் தெரியும், அவர் எதையும் இழக்கப்போவதில்லை. நிழலான இடம் பார்த்து உட்கார வையுங்கள். தண்ணீரையும் கொஞ்சம் பணத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, அரை மணி நேரத்தில் வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஏறுங்கள். சொன்ன நேரத்தில் இறங்கி வந்துவிடுங்கள்.